ஊரைச் சின்னதாக்கும் வேலை

என் ஞாயிற்றுக்கிழமைகளின் குணாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் நீயே சிரிப்பாய். அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். நீ எனக்குக் கடைசியாகச் சொன்ன வேலை முடிந்துவிட்டது. ஆனால் நீ சொன்ன மாதிரி முடியவில்லை. எப்படி முடிந்தது என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. "தெரியும்டா, மேல சொல்லு" என்று கையை ஆட்டாதே.

நாம் இரண்டு பேரும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு ரயில் பாதை செய்துகொண்டிருந்தோம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பாதை, சின்ன அளவில், பலகை மேல். ஒரு முனையில் கெடிலம் பாலம், அப்புறம் முந்திரித் தோப்பு, புதுச்சத்திரம் ஸ்டேஷன், வயல், மறுமுனையில் சிதம்பரம் பிளாட்பாரம். வேலைக்குப் போகிற வயதில் இரண்டு பேர் பொம்மை ரயில் விட்டு விளையாடுகிறார்கள் என்று தெருவில் பேசினார்கள். எங்கப்பாவே பேசினார். ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல்காரரான அவர்தான் ஹாஸ்டலில் உடைந்த கட்டில்களின் பலகையைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தவரும். "குடுக்கறதும் நான், திட்டறதும் நான். உனக்கு இன்னாடா?" என்பார்.

ஆரம்பித்தது இரண்டாயிரத்து நாலில். கல்லூரியில் நமக்கு முதல் வருஷம். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் ஒரு பேராசிரியர் வீட்டைக் காலி செய்தபோது, தெருவில் போட்ட குப்பையோடு ஒரு பெட்டி கிடந்தது. வெளிநாட்டு ரயில் செட். எஞ்சின் ஓடவில்லை. நீ அதைப் பிரித்து, மோட்டாரை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய ரேடியோவின் டிரான்ஸ்பார்மரிலிருந்து வயர் கொடுத்தாய். ஓடியது.

"அவுங்க தூக்கிப் போட்டதுலதான்டா நாம படிக்கறோம், தூங்கறோம், எல்லாமே" என்று நான் ஆரம்பித்தேன்.

"இருடா. மொதல்ல இது வளைவுல கவுறாம போகுதான்னு பாப்போம்" என்றாய் நீ.

கடைசிவரை நாம் இப்படித்தான் இருந்தோம்.

வாரத்துக்கு ஒரு வேலை என்பது நீ கொண்டுவந்த முறை. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து மறுநாள் வேலையை முடிவு செய்வோம். அவனவன் வேலையை அவனவன் முடிவு செய்யக் கூடாது. என் வேலையை நீ சொல்வாய், உன் வேலையை நான் சொல்வேன். ஒரு தடவை பேரம் பேசலாம். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும்.

இப்படி ஒரு முறை வேண்டியிருந்தது. விட்டால் நீ சிக்னல் கம்பம் மட்டுமே செய்துகொண்டிருப்பாய். நான் போஸ்டர் மட்டுமே ஒட்டிக்கொண்டிருப்பேன். 'குடிதண்ணீர் எங்கே', 'சுடுகாட்டுப் பாதை எங்கே' என்று எறும்பு அளவு எழுத்தில் எழுதி, இருந்த சுவரிலெல்லாம் ஒட்டி வைத்திருந்தேன்.

"மச்சான், இந்த ஊர்ல மனுஷன் யாராச்சும் இருக்கானா? இல்ல, உன் போஸ்டர் மட்டுந்தான் குடித்தனம் பண்ணுதா?"

"சொல்ல வேண்டியது ஜாஸ்தி இருக்குடா."

"சரி, இந்த வாரம் உனக்கு வேலை. ஒரு மாட்டுக் கொட்டாய் கட்டு. செவுத்துல எதுவும் ஒட்டாத. மாட்டு மேலயும் ஒட்டாத."

கட்டினேன். கல்யாணப் பத்திரிகை அட்டைதான் நமக்குச் சுவர். ஈர்க்குச்சியைக் கீறி அடுக்கினால் கூரை. டீக்கடைச் சக்கையைக் காயவைத்துத் தூவினால் மண். எந்த வீட்டைத் தூக்கி உள்பக்கம் பார்த்தாலும் யாரோ ஒரு திருநிறைச்செல்வியின் பெயரும் முகூர்த்த நேரமும் இருக்கும். "நம்ம ஊர்ல எல்லார் ஊட்லயும் உள்ள நல்ல காரியம் நடந்துகினே இருக்குடா" என்று நீ சொல்வாய்.

இனி அளவைப் பற்றி. இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். பெட்டியில் வந்த தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். நம் ஊரில் அப்போது ஓடியது மீட்டர் கேஜ். அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். நீ ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு, "அறுபதுல ஒரு பங்கு" என்றாய். அதற்கப்புறம் எல்லாமே அறுபதில் ஒரு பங்குதான். கதவு மூன்று சென்டிமீட்டர், ஆள் அதைவிடக் கொஞ்சம் குள்ளம். சிதம்பரம் கோபுரம் மட்டும் இரண்டு அடிக்கு மேல் வந்தது. அதைக் கட்டாமல் சுவரில் வரைந்துவிட்டோம். அரை மில்லி கூடினாலும் நீ பிய்த்துப் போட்டுவிடுவாய். நிஜத்தில் என்ன உண்டோ அதுதான் பலகையிலும் இருக்கும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது உன் சட்டம்.

அப்புறம் அகலப்பாதை போடுவதற்காக மீட்டர் கேஜை மூடினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

உன் வீடு அப்போது கடலூரில், கெடிலம் பாலத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. ஒரே வரிசையில் ஏழு வீடுகள். அந்த இடத்துக்கே லைன் ஓரம் என்றுதான் பேர். பட்டா கிடையாது. ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு வழியும் நன்றாகத் தெரியும். இடிக்க வந்த அன்றைக்குத்தான் அந்த வீடுகளுக்கு 'ஆக்கிரமிப்பு' என்று இன்னொரு பேர் இருப்பது நமக்குத் தெரிந்தது. மாற்று இடம் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே, மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கிற மேட்டு மனை. மேடு என்று காகிதத்தில் போட்டிருந்தது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். ரயிலுக்காக வீட்டை விட்டவர்களுக்கு ரயில் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. இதைக் கோபப்படாமல் சொல்ல எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை டீக்கடையில் உனக்கு நான் ஒரு வேலை சொன்னேன். "லைன் ஓரத்தைக் கட்டு."

நீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாய். "வேணாம்டா. வேற எதுனா சொல்லு."

"பேரம் பேசிட்ட. நான் மாத்தல. அதான் வேலை."

"இடிச்ச மண்ணு இன்னும் அப்படியே கெடக்குது மச்சான்."

"அதனாலதான் சொல்றேன். அங்க ஏழு ஊடு இருந்துதுன்னு ஒரு போட்டோ இருக்கா? எந்த மேப்புலயாச்சும் போட்டிருக்கானா? மீட்டர் கேஜ் இருந்தப்ப அது இருந்துச்சில்ல? உன் சட்டப்படி இருக்கணும்."

"யார்றா வந்து கேக்கப்போறா?"

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நீ கட்டினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாமல் மூன்று ஞாயிறு ஆனது. ரேடியோ போடவில்லை. என்னைப் பலகைப் பக்கமே விடவில்லை. முடித்துவிட்டு, "பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய். ஏழு வீடுகள். மூன்றாவது உங்களுடையது. கூரை பறக்காமல் இருக்க மேலே வைத்த சைக்கிள் டயர் வரை செய்திருந்தாய். வேலையை அந்த ஞாயிறே முடிக்க வேண்டும் என்பதுதான் நீ மீறிய ஒரே சட்டம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அகலப்பாதை திறந்து வண்டி ஓட ஆரம்பித்தது. வேடிக்கை பார்க்க நாமும் போய் நின்றோம். உனக்கு அப்போது சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை. எனக்குக் கட்டடக் கான்ட்ராக்டரிடம் பிளான் வரைகிற வேலை. அடுத்த சனிக்கிழமை செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டே டீக்கடைக்கு வந்தாய்.

"மச்சான், நம்ம பாதையும் அகலப்பாதை ஆவணும்."

"ஆவட்டும். அவ்வளவு அகலத் தண்டவாளத்துக்கு எங்க போறது?"

"எங்கயும் கெடைக்காது. தண்டவாளம் இருக்கறபடி இருக்கட்டும். ஊரைச் சின்னதாக்கிட்டா போதும்."

எனக்குப் புரியவில்லை. நீ கிளாஸை நகர்த்திவிட்டு மேஜையில் தண்ணீரால் வரைந்து காட்டினாய். அகலப்பாதைக்கு நடுவே ஒன்றே முக்கால் மீட்டர், கொஞ்சம் கம்மி. அதே பதினாறரை மில்லியை அகலப்பாதை என்று வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் நூற்றில் ஒரு பங்காக வேண்டும். வீடு, மரம், ஸ்டேஷன், ஆள். மூன்று சென்டிமீட்டர் கதவு இரண்டு சென்டிமீட்டர்கூட வராது.

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம், "ரயில் பெருசாச்சுன்னா ஜனங்க சின்னதாகணுமா?" என்று கேட்டேன்.

"கணக்கு அப்படித்தான் வருது."

"உன் கணக்கும் அவுங்க கணக்கும் ஒண்ணாவே இருக்குடா."

"நான் கணக்குதான் போட்டேன். ஊட்டையா இடிச்சேன்?" என்றாய். குரல் உயரவில்லை.

ஆனால் வேலை பிடித்துத்தான் செய்தோம். சிதம்பரம் பக்கத்திலிருந்து தொடங்கினோம். ஒரு வாரம் நீ சொல்லி நான் பிளாட்பாரத்தைச் சுருக்கினேன், மறு வாரம் நான் சொல்லி நீ மேம்பாலப் படிக்கட்டு. பத்திரிகை அட்டை மிச்சமானது என்று நீ சந்தோஷப்பட்டாய். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பெட்டிகள், வயல், புதுச்சத்திரம் எல்லாம் சின்னதாகி, கடைசியில் கெடிலத்துக்குப் பக்கத்தில் லைன் ஓரம் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. அங்கே போகும்போது புது ரயில் குட்டியாகிவிடும். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்கிற மாதிரி நீ செய்து வைத்த உங்கம்மா பொம்மை எழுந்து ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் கவிழ்ந்துவிடும் போலிருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

உனக்குப் பிடிக்கவில்லை. மழைக்காலம் ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை சொன்னாய். "நாளைக்கு உன் வேலை, லைன் ஓரத்தை எடுக்கறது."

"முடியாதுடா."

"அங்க இப்ப ஒண்ணுமில்ல. காம்பவுண்டு செவுரும் வேலிக்காத்தான் முள்ளுந்தான். நெஜத்துல இல்லாதது பலகைல எதுக்கு?"

"எடுத்துட்டா, அங்க எதுவுமே இல்லன்னு அவுங்க சொன்னது சரின்னு ஆயிடும்."

நீ ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாய். "நீ அதைப் பாத்தா உனக்குக் கோவம் வருது. நல்லாருக்கு. நான் பாத்தா இன்னா வரும்னு நெனச்சியா? வாரா வாரம் வந்து இல்லாத ஊட்டு வாசல்ல நிக்கறேன்டா. நிக்கிற எடத்துலயே நின்னுகினு இருக்கேன். எனக்குப் போவணும்."

"அப்ப நீயே எடு."

"நான் கட்டினேன். நீ எடு. முறை அதான்."

என் பேரத்தை அங்கே பேசினேன். அடுத்த வாரம் என்றேன். நீ சரி என்றாய்.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. இரண்டு பஸ் மாறி ஸ்டேஷனுக்கு வருவதற்குப் பதில் வேலைக்குப் போகவென்று நீ வாங்கிய பைக். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பஸ். இதற்கு மேல் அதை எழுதப்போவதில்லை.

அதற்கப்புறம் மாடி அறையைப் பூட்டிவிட்டேன். புதிதாக வேலை சொல்ல ஆள் இல்லை. ஏற்கனவே சொன்ன வேலையைச் செய்ய மனசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தூங்கினேன், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் போய்ச் சும்மா நின்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. திட்டுகிற உரிமையைக்கூட அவர் விட்டுவிட்டார்.

தானே புயல் உனக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் வந்தது. உன் பக்கத்து முந்திரித் தோப்பெல்லாம் படுத்துவிட்டது. கடலூரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டு உடைந்து தண்ணீர் உள்ளே இறங்கியது. காலையில் கதவைத் திறந்தேன். சிதம்பரம் ஸ்டேஷன் கூழாகிக் கிடந்தது. நாம் பாடுபட்டுச் சுருக்கிய ஊர் பூராவும் ஊறிப்போயிருந்தது. லைன் ஓரம் இருந்த மூலைக்கு மேலே ஷீட் உடையவில்லை. அது பழையபடி அப்படியே இருந்தது, டயரோடு.

உங்கள் வீட்டுக்கும் ஷீட் போய்விட்டது என்று கேள்விப்பட்டுத் தார்ப்பாயோடு போனேன். உங்கம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"அந்தப் புள்ள ஞாயித்துக்கெழம ஆனா உங்கூட்டுக்கு ஓடியாருவானே, அப்படி இன்னாதான்டா பண்ணிகினு இருந்தீங்க? ரயிலு ரயிலும்பான். நான் நம்பவே இல்ல. சிதம்பரத்துல ஏதோ பொண்ணு இருக்குதுன்னு நெனச்சேன்."

"பொண்ணு இல்லம்மா. ரயிலுதான்."

"பொண்ணா இருந்திருந்தா தேவலையே" என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிச்சைப் போட்டார்கள்.

தை மாசம் உறவுக்காரர் வீட்டுக்குச் சிதம்பரம் வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாடிக்குக் கூட்டிப்போனேன். கூழாய்க் கிடந்த பக்கத்தை அவர்கள் கவனிக்கவே இல்லை. நேராக மூலைக்குப் போய்க் குனிந்தார்கள். டயரைத் தொட்டார்கள்.

"இது எங்கூடு."

"ஆமாம்மா."

"இது பக்கத்துல செல்வி ஊடு. இது மாரிமுத்து மாமா ஊடு." விரல் ஒவ்வொன்றாகப் போய்விட்டு மூன்றாவது வீட்டுக்குத் திரும்பி வந்தது. தண்டவாளத்தைப் பார்த்த சுவரில் நின்றது. "இன்னாடா இது, ஓட்ட?"

"ஜன்னல்மா."

"எங்கூட்ல ஏதுடா ஜன்னலு?"

நானும் குனிந்து பார்த்தேன். விரல்நகம் அளவு ஜன்னல். ஈர்க்குச்சியில் மூன்று கம்பி. அத்தனை வருஷம் உன் வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன், அந்தச் சுவர் எனக்குத் தெரியாதா? மொட்டைச் சுவர். பலகையிலும் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் கவனிக்கவில்லை. வீடென்றால் ஜன்னல் இருக்கும் என்று கண் தானாக ஒப்புக்கொண்டுவிட்டது போல.

"லைன் பக்கம் ஓட்ட போட்டா மண்ணு வரும்னு அவங்கப்பா வைக்கவே இல்ல" என்றார்கள் உங்கம்மா. "இவன் சின்னதுல அழுவான். படுத்துகினே ரயிலு பாக்கணுமாம். எழுந்து வெளிய போயிப் பாருடா சோம்பேறின்னு அடிச்சிருக்கேன். பாரேன், வெச்சிகினான்."

அரை மில்லிக்கு என் மாட்டுக் கொட்டாயைப் பிய்த்துப் போட்டவன் நீ. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றவன். எப்போது மச்சான் அதை வைத்தாய்? அந்த மூன்று ஞாயிற்றிலா? இல்லை, நான் டீ வாங்கப் போன ஏதோ ஒரு நேரத்திலா? என்னிடம் சொன்னால் போஸ்டர் ஒட்டிவிடுவேன் என்று பயந்தாயா?

நீ சொன்ன வேலையை உங்கம்மாவிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்கள்.

"எடுக்கவா சொன்னான்?"

"ஆமாம்மா. இல்லாத ஊட்டு வாசல்ல நின்னுகினே இருக்கேன், எனக்குப் போவணும்னு சொன்னான்."

"சரியாத்தான் சொல்லியிருக்கான். அவன் வயசுக்கு அவன் போவணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "எனக்கு எங்கடா போவணும்? நான் நின்னா இன்னா இப்போ? எடுத்துடு. எடுத்து எங்கூட்டுக்குக் கொண்டாந்துடு."

எனக்கு வேலை சொல்ல ஆள் வந்துவிட்டது தெரிந்தது. நான் பேரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹேக்ஸா பிளேடால் பலகையை அறுத்தேன். வீடுகளைத் தனித்தனியாகப் பிடுங்க மனசு வரவில்லை. அதனால் ஏழு வீடும், வாசல் மண்ணும், முன்னால் இரண்டடி தண்டவாளமும் சேர்ந்து ஒரே துண்டாக வந்தது. அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "கட்டில் பலகை நல்ல பலகைடா, பாத்து அறு" என்றார். அவர் திட்டு திரும்பி வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதைக் கடலூருக்கு ரயிலில்தான் கொண்டுபோனேன். வேறு எதில் கொண்டுபோவது? மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் காய்கறிக் கூடையோடு ஒருவர்.

"இன்னா தம்பி இது, கண்காட்சிக்கா?"

"இல்லண்ணா. ஊடு."

"ஊடா? யார் ஊடு?"

"தெரிஞ்சவங்க ஊடு."

"ஓ, கட்டப்போறாங்களா? பிளானா இது? கூரை ஊட்டுக்குக்கூட இப்பல்லாம் பிளான் கேக்கறானா?"

பக்கத்திலிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "லைனுக்கு இம்மாம் பக்கத்துல கட்டுனா உடுவாங்களா? இடிச்சிப்புடுவாங்க" என்றார்கள்.

"இடிச்சிட்டாங்கம்மா" என்றேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடைக்காரரிடம் கத்தரிக்காய் விலை பேசத் தொடங்கினார்கள்.

கெடிலம் பாலம் வந்தது. நீ சொன்ன மாதிரியே காம்பவுண்டுச் சுவர், வேலிக்காத்தான், ஒரு உடைந்த சிமெண்ட் குழாய். வண்டி நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. மடியிலிருந்த மூன்றாவது வீட்டின் ஜன்னலைத் தண்டவாளப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் செய்தேன்.

உங்கள் வீட்டில் அதை வைக்க இடம் தேடினோம். கடைசியில் அரசாங்கம் கொடுத்த டிவியை இறக்கிவிட்டு அந்த ஸ்டாண்டில் வைத்தார்கள் உங்கம்மா. புயலுக்கப்புறம் அந்த டிவி ஓடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் லைன் ஓரத்துக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அறைக்குள் நிற்க இடம் இல்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

நீ இருந்திருந்தால் உன் மானம் போயிருக்கும் மச்சான். ஒருத்தரும் பாராட்டவில்லை. குறைதான் சொன்னார்கள்.

"எங்கூட்டு முருங்க மரம் எங்கடா?" என்றார் மாரிமுத்து மாமா.

"உங்க மரம் எங்கூட்டுப் பக்கந்தான் சாஞ்சி நிக்கும், காயெல்லாம் நாங்கதான் பறிப்போம். இல்லாமலே இருக்கட்டும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"என் ஊட்டுக் கதவு நீலம். இவன் பச்ச அடிச்சி வெச்சிருக்கான்."

"ஏன் ஆட்டுக்குட்டி இல்ல?"

செல்வி அக்கா மட்டும் குனிந்து சுவர் சுவராகப் பார்த்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உங்கம்மாவைப் பார்த்தார்.

"இன்னாக்கா, உங்கூட்டுக்கு மட்டும் ஜன்னலு? எப்ப வெச்சீங்க?"

"என் புள்ள வெச்சான்."

"அவன் எங்கூட்லயுந்தான் சோறு துன்னான். எங்களுக்கு ஏன் வைக்கல?" அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, எங்கூட்டுக்கும் வெச்சிக் குடு."

"அங்க ஜன்னல் இல்லையேக்கா" என்றேன். சட்டம் பேசிப் பழகிய வாய்.

"அங்க ஊடே இல்ல. நீ ஜன்னலுக்கு வந்துட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். மாரிமுத்து மாமா தன் வீட்டுக்கு இரண்டு வேண்டும் என்றார், ஒன்று லைன் பக்கம், ஒன்று காற்றுக்கு. நீலக் கதவுக்காரரும் கேட்டார். ஒருவர் விடாமல் எல்லோரும் கேட்டார்கள். போஸ்டர் ஒட்டியே எதையாவது மாற்றிவிடலாம் என்று நினைத்த நான், இத்தனை வருஷத்தில் இவர்களில் ஒருவரிடமாவது உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். ஒரு தடவை பேரம் பேசலாம் என்பது நம் முறை. அதை அங்கே நான் பயன்படுத்தவில்லை.

ஆகவே வரப்போகிற ஞாயிறுகளுக்கு எனக்கு வேலை நிறைய இருக்கிறது. சிதம்பரத்தை மறுபடி கட்டப்போகிறேன், உன் கணக்குப்படி நூற்றில் ஒரு பங்காகவே. கெடிலம் பக்கத்தில் அறுத்த இடத்தில் புதுப் பலகை பொருத்தி, அங்கே நிஜத்தில் இருப்பதையே வைக்கிறேன். சுவர், முள், உடைந்த குழாய். அதில் போஸ்டர் ஒட்ட மாட்டேன். பார்க்கிறவனுக்கு அதுவே போதும். ஆனால் டிவி ஸ்டாண்டில் இருக்கிற ஏழு வீட்டையும் அதிலிருக்கிற ஆட்களையும் யார் என்ன கணக்குச் சொன்னாலும் ஒரு மில்லிகூடக் குறைக்க மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. அந்த வீடுகளின் அளவு அறுபதில் ஒன்று. எப்போதும் அதுதான்.

முறைப்படி நானும் உனக்கு ஒரு வேலை சொல்லியாக வேண்டும். உன் கணக்கில் ஒன்று பாக்கி இருக்கிறது. ரொம்ப யோசித்தேன். கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. எழுந்து வெளியே வர வேண்டாம். படுத்துக்கொண்டே ரயில் பார்.

முதல் ஜன்னல் இந்த ஞாயிறு, செல்வி அக்கா வீட்டுக்கு.

ஆறு வீட்டுக்கு ஜன்னல் வைக்கப்போகிற,
உன் மச்சான்
ஸ்டீபன்